“பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்”: பேரப்பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பழக்கம்

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், பாலர் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவதும், மாலையில் புளோக்கின் கீழே விளையாட விடுவதும், எல்ஆர்டியில் ஏற்றிக் கடைத்தொகுதிக்குக் கூட்டிச் செல்வதும் பெரும்பாலும் தாத்தா பாட்டியின் பொறுப்பு. அதனால், முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பவரும் பல வீடுகளில் நீங்கள்தான்.

3 முதல் 8 வயது வரையிலான பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புக்கிட் பாஞ்சாங் மூத்தோருக்காக இந்தக் கையேடு எழுதப்பட்டுள்ளது. பிள்ளை யாருடன் எங்கே போவதானாலும், தன்னைப் பார்த்துக்கொள்பவரிடம் முதலில் கேட்கவேண்டும். அழைப்பவர் தெரிந்தவராக இருந்தாலும் இதே விதிதான். இந்த ஒரு பழக்கம் பதிந்துவிட்டால் மற்றவை எளிது.

தெரியாதவரைப் பற்றி மட்டும் எச்சரித்தால் போதுமா?

1986ஆம் ஆண்டு மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஓவன் சாலையில் இருந்த ஓவன் தொடக்கப்பள்ளியின் 12 வயது மாணவர்கள் இருவர், மதியப் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு காணாமற்போனார்கள். தகவல் தருவோருக்கு மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 100,000 வெள்ளி வெகுமதி அறிவித்தது. அந்தச் சிறுவர்கள் இன்று வரை கிடைக்கவில்லை. தேக்காவை அடுத்த வட்டாரத்தில் நடந்த சம்பவம் என்பதால், அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் அதை மறக்கவில்லை. “தெரியாதவர்களோடு பேசாதே” என்று அன்று நாம் பிள்ளைகளுக்குச் சொன்னோம். இன்று பேரப்பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறோம்.

அந்த அறிவுரை தவறில்லை. ஆனால் அது மட்டும் போதாது. 2004 அக்டோபர் 10ஆம் தேதி, பாசிர் பாஞ்சாங் மொத்தவிற்பனைச் சந்தையில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி காணாமற்போனாள். பொதுமக்களும் சேர்ந்து தேடினார்கள். மூன்று வாரம் கழித்து, தெலுக் பிளாங்கா ஹில் பூங்காவில் அவளது உடல் கண்டெடுக்கப்பட்டது. கொலைக்குற்றம் நிரூபிக்கப்பட்டவர் அதே சந்தையில் வேலை செய்தவர், அந்தச் சிறுமியோடு விளையாடியவர், குடும்பத்துக்கும் அறிமுகமானவர். “தெரியாதவரோடு போகாதே” என்ற விதி அவரிடம் அந்தப் பிள்ளைக்கு உதவியிருக்காது.

தவறு செய்பவர் ஆணாகத்தான் இருப்பார் என்றும் எண்ணிவிடக்கூடாது. 1981இல் சிங்கப்பூரை உலுக்கிய தோ பாயோ கொலைகளில், 10 வயதுச் சிறுவனை விளையாட்டுத் திடலிலிருந்து டாக்சியில் அழைத்துச் சென்றவர் ஒரு பெண்.

இப்படிப்பட்ட சம்பவங்கள் சிங்கப்பூரில் மிக அரிது. உங்களைப் பயமுறுத்துவதற்காக அவற்றை இங்கே குறிப்பிடவில்லை. ஒருவரின் முகத்தையோ, அவர் தெரிந்தவரா என்பதையோ வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதை நினைவூட்டவே குறிப்பிடுகிறோம். அவர் பிள்ளையிடம் என்ன கேட்கிறார் என்பதைத்தான் கவனிக்கவேண்டும். அமெரிக்காவில் காணாமற்போகும் குழந்தைகளுக்காக 1984இல் தொடங்கப்பட்ட தேசிய நிலையமும், “தெரியாதவர் என்றாலே ஆபத்து” என்று மட்டும் கற்பிப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது.

சிறு பிள்ளையின் பார்வையில் தெரியாதவர் யார்?

ஐந்து வயதுப் பிள்ளையிடம் “தெரியாதவர் எப்படி இருப்பார்?” என்று கேட்டுப் பாருங்கள். கறுப்புச் சட்டை, கோபமான முகம், கையில் சாக்கு என்று சொல்லக்கூடும். சிரித்த முகத்தோடு பேசுபவரை அந்தப் பட்டியலில் பிள்ளை சேர்க்காது. ஒருவர் தம் பெயரைச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசிவிட்டால், பிள்ளையின் கணக்கில் அவர் தெரிந்தவர் ஆகிவிடுகிறார்.

நம் ஊர் வழக்கமும் இதில் குழப்பத்தைக் கூட்டுகிறது. மின்தூக்கியில் பார்ப்பவர், காப்பிக் கடையில் பரிமாறுபவர், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி என எல்லாரையும் “அங்கிள்”, “ஆன்ட்டி” என்று அழைக்கச் சொல்கிறோம். “ஆன்ட்டிக்கு ஹலோ சொல்லு” என்போம். அடுத்த நாள் “தெரியாதவர்களிடம் பேசாதே” என்போம். எதைக் கேட்பது என்று பிள்ளைக்குத் தெரியாது.

மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை எல்லாருக்கும் வணக்கம் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது உங்களிடம் கேட்காமல் யாருடனும் போகக்கூடாது, எதையும் வாங்கக்கூடாது. இப்படிப் பிரித்துச் சொன்னால் சிறு பிள்ளைக்கும் புரியும்.

மாத்தாவையும் பூச்சாண்டியையும் விட்டுவிடுங்கள்

“சாப்பிடாவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன் வருவான்.” “அழுதால் மாத்தா பிடித்துக்கொண்டு போய்விடும்.” இவை நம் வீடுகளில் பழக்கமான வார்த்தைகள். பாலம் கட்டத் தலை வேண்டுமென்று பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்களும் உங்களில் இருக்கலாம்.

இந்த வார்த்தைகளால் இரண்டு தீமைகள் உண்டு. வழி தவறிய பிள்ளை உதவி கேட்கவேண்டியவர்களில் முதன்மையானவர் போலிஸ் அதிகாரி. அவரைப் பார்த்துப் பயந்து ஒளியும்படி நாமே பிள்ளையைப் பழக்கிவிடுகிறோம். அடுத்தது, பயந்த பிள்ளைக்கு யோசிக்கத் தெரியாது. உறைந்துபோய் நிற்கும், சொன்னபடி செய்யும்.

புக்கிட் பாஞ்சாங்வாசிகளுக்கு வேறொரு முறை நன்றாகத் தெரியும். செங்ஹுவா இயற்கைப் பூங்காவை ஒட்டிய புளோக்குகளில் குரங்குகள் வருகின்றன. அதற்காக நாம் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதில்லை. “உணவைக் காட்டாதே, பிளாஸ்டிக் பையை மறைத்துக்கொள், கண்ணுக்குக் கண் பார்க்காதே, ஓடாமல் மெதுவாக விலகி வா” என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். மனிதர்கள் விஷயத்திலும் அதே போலச் சில தெளிவான விதிகளை அமைதியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

மூன்று சொற்கள்: கேள், விலகு, சொல்

கேள்: எங்கே போவதானாலும், யார் எதைக் கொடுத்தாலும், முதலில் “பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று பிள்ளை சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், உறவினர், அப்பாவின் நண்பர் என எல்லாருக்கும் இது பொருந்தும். நல்லவர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். “கேட்க வேண்டாம், சீக்கிரம் வா” என்று ஒருவர் சொன்னால், அதுவே எச்சரிக்கை.

விலகு: யாராவது கையைப் பிடித்தால், வற்புறுத்தினால், அல்லது பிள்ளைக்கு மனம் சரியில்லை என்று தோன்றினால், பதில் சொல்லாமல் விலகி ஓடலாம். கத்தலாம். “இவர் என் அப்பா இல்லை” என்று உரக்கச் சொல்லவேண்டும். வெறும் அழுகையைக் கேட்பவர்கள், பிள்ளை அடம்பிடிக்கிறது என்று எண்ணிக் கடந்துபோகக்கூடும். அந்த நேரத்தில் மரியாதைக் குறைவு என்று எதுவும் இல்லை என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்படும் பிள்ளைக்கு இந்த அனுமதி மிகவும் தேவை.

சொல்: நடந்ததை உங்களிடமோ பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லவேண்டும். “யாரிடமும் சொல்லாதே” என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டால், அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

பிள்ளையை அழைத்துப் போகத் தவறான எண்ணத்தோடு வருபவர்கள் சொல்லும் சாக்குகள் சிலவே. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, என்னோடு வா.” “என் பூனைக்குட்டியைத் தேட உதவி செய்.” “என் வீட்டில் புதிய விளையாட்டுப் பொருள் இருக்கிறது.” சிறு பிள்ளையிடம் உதவி கேட்பவரைப் பற்றி இப்படிச் சொல்லுங்கள்: “பெரியவர்களுக்கு உதவி வேண்டுமென்றால் இன்னொரு பெரியவரிடம் கேட்பார்கள்.”

குடும்பத்துக்கென ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்வதும் உதவும். “முறுக்கு”, “வெண்டைக்காய்” என்று பிள்ளை மறக்காத எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது அழைக்க வந்தால், பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும். தெரியவில்லை என்றால் போகக்கூடாது. பிள்ளையை அழைத்துச்செல்ல யார் யாருக்கு அனுமதி உண்டு என்பதைப் பாலர் பள்ளியிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிள்ளையின் பெயரைப் பள்ளிப்பையின் வெளிப்புறத்தில் எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுபவரைப் பிள்ளை எளிதில் நம்பிவிடும். பெயரையும் உங்கள் கைத்தொலைபேசி எண்ணையும் பையின் உட்புறத்தில் எழுதுங்கள்.

சொல்லிக்கொடுத்தால் போதாது, நடித்துப் பழக்குங்கள்

நீச்சலைப் பேச்சில் கற்றுக்கொள்ள முடியாது. இதுவும் அப்படித்தான். வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம், விளையாட்டாகச் செய்யுங்கள். தாத்தா வேறொருவராக நடிக்கட்டும்.

தாத்தா: “பாப்பா, என் நாய்க்குட்டியைக் காணோம். தேட வருகிறாயா?”
பிள்ளை: “பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.”
தாத்தா: “பாட்டிதான் என்னை அனுப்பினார்.”
பிள்ளை: “ரகசியச் சொல் என்ன?”

பிள்ளை தடுமாறினால் திட்டாதீர்கள், மறுபடி விளையாடுங்கள். சரியாகச் சொன்னால் பாராட்டுங்கள். பிறகு வீட்டுக்கு வெளியேயும் பழகுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில், விளையாட்டுத் திடலில், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, “இங்கே ஒருவர் உன்னைக் கூப்பிட்டால் என்ன செய்வாய்? எந்தப் பக்கம் ஓடுவாய்?” என்று கேளுங்கள். இடத்தோடு சேர்த்துப் பழகியது நினைவில் நிற்கும்.

வழி தவறினால்

தெரியாதவர்களிடம் பேசவே கூடாது என்று கற்ற பிள்ளை, வழி தவறும்போது யாரிடமும் உதவி கேட்காது. எனவே யாரிடம் கேட்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்: சீருடை அணிந்த போலிஸ் அதிகாரி, ரயில் நிலைய ஊழியர், கடையில் பணம் வாங்கும் இடத்தில் நிற்பவர், குழந்தைகளோடு வந்திருக்கும் தாய். ஹில்லியன் கடைத்தொகுதிக்கோ புக்கிட் பாஞ்சாங் பிளாசாவுக்கோ போகும்போது, “நீ என்னைத் தொலைத்துவிட்டால் யாரிடம் போவாய்? கையைக் காட்டு” என்று கேட்டுப் பாருங்கள்.

எல்ஆர்டிக்குத் தனி விதி வேண்டும். 1999இல் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியில் ஓட்டுநர் கிடையாது. கதவுகள் தானாக மூடிக்கொள்ளும். நீங்கள் ஃபஜார் நிலையத்தில் இறங்கி, பிள்ளை வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடையில் அப்படியே நிற்கவேண்டும். பிள்ளை நடைமேடையில் நின்று, நீங்கள் வண்டியோடு போய்விட்டால், பிள்ளை அதே இடத்தில் நிற்கவேண்டும். நீங்கள் திரும்பி வருவீர்கள். வட்டப் பாதையில் வண்டிகள் இரு திசையிலும் ஓடுவதால், பிள்ளை தானாக வேறு வண்டியில் ஏறிவிட்டால் தேடுவது கடினம். வண்டிக்குள் இருக்கும் அவசரத் தொடர்புப் பொத்தானையும் பிள்ளைக்குக் காட்டிவையுங்கள்.

தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலைக்கோ, திருவிழா நாளில் அப்பர் புக்கிட் தீமா சாலை முருகன் கோயிலுக்கோ போகும்போது, வீட்டிலிருந்து கிளம்பும் முன் பிள்ளையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன உடை அணிந்திருந்தது என்று பதற்றத்தில் மறந்துபோகும். பிள்ளையைக் காணவில்லை என்றால் தயங்காமல் 999ஐ அழையுங்கள். 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

“மாமாவுக்கு முத்தம் கொடு”

பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. ஆகவே இந்தப் பகுதி உங்களுக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கலாம், பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு முத்தம் கொடுக்கும்படி, மடியில் உட்காரும்படி பிள்ளையை வற்புறுத்துவது நம் பழக்கம். பிள்ளை மறுத்தால் நமக்கு வெட்கமாக இருக்கும். ஆனால், பிடிக்காத தொடுதலையும் பெரியவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. இனி பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்: கைகூப்பலாம், கையசைக்கலாம், விரும்பினால் கட்டிக்கொள்ளலாம். உங்களுக்கே முத்தம் தர மறுத்தாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். “சரி, பரவாயில்லை” என்று நீங்கள் சொல்லும்போது, தன் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்பது பிள்ளைக்குப் புரியும்.

குளிக்க வைக்கும்போது உடல் உறுப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். உள்ளாடை மறைக்கும் இடங்களை மற்றவர் தொடவோ பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. சுத்தம் செய்ய உதவும்போது பெற்றோரோ நீங்களோ, பரிசோதிக்கும்போது பெற்றோர் முன்னிலையில் மருத்துவரோ மட்டுமே விதிவிலக்கு.

ரகசியத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசைச் சில நாள் சொல்லாமல் வைத்திருக்கலாம், அது ஆச்சரியம். ஒருபோதும் சொல்லாதே என்று ஒருவர் கேட்பது ரகசியம். பெரியவர்களோடு அப்படிப்பட்ட ரகசியம் எதுவும் வேண்டாம்.

திரைக்குள் வருபவர்கள்

அமைதியாக இருக்கட்டும் என்று பிள்ளையிடம் கைத்தொலைபேசியைக் கொடுக்கிறோம். பல இணைய விளையாட்டுகளில் முகம் தெரியாதவர்கள் பிள்ளையோடு பேச முடியும். சிறுவன் என்று சொல்லிக்கொள்பவர் நடுத்தர வயதுக்காரராக இருக்கலாம். பாலியல் நோக்கத்தோடு 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு பழகிச் சந்திக்க முயல்வது சிங்கப்பூரில் 2008 முதல் குற்றம். கைத்தொலைபேசியை உங்கள் கண் முன்னே வரவேற்பறையில் மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். பேசும் வசதியை நிறுத்திவைக்கப் பெற்றோரின் உதவியைக் கேளுங்கள். படம், முகவரி, பள்ளியின் பெயர் கேட்பவர் யாராக இருந்தாலும் அதே விதி: “பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.”

பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால்

திடீரென ஒருவரைப் பார்த்துப் பயப்படுவது, விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புவது, யார் கொடுத்தது என்று சொல்லாத பொருள்கள் கையில் இருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் மெதுவாக விசாரியுங்கள்.

பிள்ளை வாய்திறந்து சொல்லிவிட்டால்:

• அமைதியாகக் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பு இல்லை” என்று சொல்லுங்கள்.
• “பொய் சொல்லாதே”, “அவர் அப்படிப்பட்டவர் இல்லை” என்று சொல்லாதீர்கள்.
• திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவையுங்கள்.
• நீங்களே போய் அந்த நபரிடம் சண்டை போடாதீர்கள்.
• இப்போதுதான் நடந்திருந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள், உடைகளைத் துவைக்காதீர்கள்.
• பெற்றோருக்கும் போலிசுக்கும் தெரியப்படுத்துங்கள். காயமோ வலியோ இருந்தால், கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது.

குடும்ப மானம் கருதி மூடி மறைக்கத் தோன்றலாம். குற்றம் செய்தவர் உறவினராக இருந்தால் இன்னும் கடினம். ஆனால் மறைத்தால் தீங்கு தொடரும்; அந்தப் பிள்ளைக்கும், சில நேரம் வேறு பிள்ளைகளுக்கும். குடும்பத்தில் மூத்தவர் பிள்ளையின் பக்கம் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள்.

வாட்ஸ்அப் தகவல்களை உடனே அனுப்பாதீர்கள்

“பள்ளி வாசலில் பிள்ளை கடத்தும் கும்பல், எல்லாருக்கும் அனுப்புங்கள்” என்ற தகவல் உங்களுக்கும் வந்திருக்கலாம். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 65 வயதுச் சென்னை மூதாட்டி, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய ஊரார், பிள்ளை பிடிப்பவர்கள் என்று எண்ணித் தாக்கியதில் அந்த மூதாட்டி இறந்துபோனார். இந்தியாவில் அந்த ஆண்டு இத்தகைய கொலைகள் பல நடந்தன. அதன் பிறகு அந்நாட்டில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

பயம் மட்டும் பரவினால் யாருக்கும் பாதுகாப்பு கூடாது. சந்தேகத்துக்குரிய எதையாவது நீங்களே பார்த்தால் போலிசிடம் சொல்லுங்கள். வந்த தகவல் உண்மையா என்று தெரியாவிட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள். நீங்களும் மற்றவர் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கும் முன், அருகிலிருக்கும் அதன் பெற்றோரிடம் “கொடுக்கலாமா?” என்று கேளுங்கள். அதைப் பார்க்கும் உங்கள் பேரப்பிள்ளையும் கற்றுக்கொள்ளும்.

இந்த வாரம் செய்யவேண்டியவை

1. குடும்பத்தோடு சேர்ந்து ரகசியச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.
2. உங்கள் தொலைபேசி எண்ணையும் புளோக் எண்ணையும் பாட்டாகப் பாடிப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள்.
3. “பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்” நாடகத்தை ஒருமுறை நடித்துப் பாருங்கள்.
4. மகன், மகள், மருமக்களிடம் இந்தக் கையேட்டைக் காட்டுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே விதியைச் சொன்னால்தான் பிள்ளைக்குக் குழப்பம் இருக்காது.

உதவிக்கு அழையுங்கள்

அவசரத்துக்குப் போலிஸ்: 999
வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவி எண் (24 மணி நேரம்): 1800-777-0000
தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பேசுவதற்கு, சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட்: 1800-2744-788